மச்சினன் கொண்டுவந்த பிரேக்

என் மகளின் சைக்கிளுக்கு எந்த பிரேக் போடுவது என்ற சின்ன விஷயத்தில் நான் பிடித்த பிடிவாதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது நானே அதை அடிக்கடி ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது. அவள் நன்றாக இருப்பதில் என் பங்கு ஒன்றும் இல்லை. சாலையில் யாரோ காயப்போட்டிருந்த உளுந்துக்குத்தான் அந்தப் புண்ணியம்.

அப்பா மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கராக இருந்தார். அங்கிருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய சைக்கிளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட இங்கிலாந்துச் சைக்கிள். கரும்பச்சை நிறம். கிடாக்கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பார். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டுகூடக் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, அப்பா அதில் அம்பாசமுத்திரம் கடைத்தெருவைக் கடந்து போனால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. ஆனால் அந்தச் சைக்கிளில் ஏறினால் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும்.

அவர் இறந்த பிறகு நான் அதைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து, வீட்டுக் கூடமான பட்டாசலில், அவருடைய படத்துக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு கொக்கிகளில் மாட்டிவைத்தேன். வருடம் முழுவதும் அங்கேயே தொங்கும். சரஸ்வதி பூஜைக்கு மட்டும் இறக்குவோம். அந்த வேலையை நான் வேறு யாரிடமும் விட்டதில்லை. ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய், ஒரு பழைய வேட்டித் துணி. ஃப்ரேம், ரிம், செயின், பிரேக் என்று ஓர் இடம் விடாமல் எண்ணெய் தடவித் துடைப்பேன். பிறகு சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அதுவும் பூஜையில் நிற்கும். மறுநாள் திரும்பவும் கொக்கிக்குப் போய்விடும்.

என் மனைவியின் தம்பி ஒருமுறை பூஜைக்கு வந்திருந்தான். கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை. நான் எண்ணெய் போடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தான், இது சைக்கிளா, சாமியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு உள்ளே இறங்கவில்லை. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கான சாலை சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கப் போகிறது என்று அவளுடைய விளையாட்டு ஆசிரியை அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். திருச்செந்தூர் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். கல்லூரியில் இருந்ததோ கம்பி கம்பியாகக் கனத்த லேடீஸ் சைக்கிள். மகள் ஒரு நாள் சாயங்காலம் பட்டாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தாத்தா சைக்கிள எறக்குவமா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே சரி என்றேன். அவள் அடுத்ததாகச் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"ஃப்ரேம் மட்டும் போதும்ப்பா. மத்ததெல்லாம் மாமா கொண்டாரேன்னு சொல்லியிருக்காங்க."

மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாசலில் செய்தித்தாளை விரித்து ஒரு பக்கம் நான் கழற்றிய பழைய சாமான்களையும் மறுபக்கம் அவன் கொண்டுவந்த புதியவற்றையும் பரப்பினோம். அலுமினியம் ரிம்கள் கையில் எடுத்தால் காகிதம் போல இருந்தன. ஜப்பான் கியர். பழையதைப் போல ஆப்பாக அடித்து இறக்கும் காட்டர் பின் இல்லாமல் போல்ட்டால் இறுக்கும், பெடலைத் தாங்கும் கிராங்க். வெள்ளி நிறத்தில் பிரேக், அதற்குச் சாம்பல் நிற ரப்பர் கட்டைகள்.

ஒவ்வொன்றாகப் பேசி முடிவு செய்தோம். பேசினோம் என்றா சொன்னேன்? நான் மறுத்தேன், அவர்கள் கெஞ்சினார்கள். ரிம்மை விட்டுக்கொடுத்தேன், ஏனென்றால் பழைய ரிம்முக்குத் திருநெல்வேலியில் டயர் கிடைக்கவில்லை. கியரை விட்டுக்கொடுத்தேன், பழையதில் கியரே இல்லை. கிராங்கையும் கொஞ்சம் முனகிவிட்டு விட்டேன். சீட்டும் ஹேண்டில் பாரும் பழையதே இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். கடைசியில் மிஞ்சியது பிரேக். இதற்குமேல் விட்டால் அப்பாவுடையது என்று சொல்ல வெறும் இரும்புக் குழாயும் சீட்டும்தான் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றியது.

"பிரேக் பழசுதான்" என்றேன்.

"அத்தான், முப்பது வருசத்துக்கு மேல ஆன ரப்பர்."

"ரப்பரப் பாத்தியா? இங்கன வா, நகத்த வச்சு அமுத்து. எப்படி மெதுவா இருக்கு பாரு. வெடிப்பு இருக்கா? கருகருன்னு புதுசு மாதிரி இருக்கு. அந்தக் காலத்துச் சரக்கு வே. ஒன் ஜப்பான்காரன் ரப்பர் இத்தனை வருசம் இருக்குமா?"

அவன் அமுக்கிப் பார்த்தான். உண்மையிலேயே அந்தக் கட்டைகள் மெத்தென்று இருந்தன. பழைய ரப்பர் காய்ந்து வெடிக்க வேண்டும். இது வெடிக்கவில்லை. நான் அதை இங்கிலாந்துக்காரனின் கைநேர்த்தி என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பழசு மேல ஆசைன்னா பழசாவே சொவத்துல இருக்கட்டும் அத்தான்" என்றான் அவன். "சாமின்னா கீழ எறக்காதீங்க. சைக்கிள்னா பிரேக்க மாத்துங்க."

"அப்ப சொவத்துலயே இருக்கட்டும்" என்று நான் எழுந்துவிட்டேன்.

சமையலறை வாசலில் நின்ற என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இப்படிச் செய்யுதிய? ஒங்க அப்பா என்ன அந்தப் பிரேக்குக்குள்ளயா குடியிருக்காவ?"

மகள் செய்தித்தாள்மேல் உட்கார்ந்து சாம்பல் நிறக் கட்டை ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். "சரிப்பா. பழைய பிரேக்கே போடுவோம்" என்றாள். அவளுக்கு ஓட வேண்டும். என்னிடம்தான் ஃப்ரேம் இருந்தது. அவளுடைய அந்தத் தேவையை வைத்து நான் பேரம் பேசினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜெயித்துவிட்ட திருப்தி மட்டும்தான் இருந்தது.

தெருவில் ஓட்டிப் பார்த்தாள். பிரேக் பிடித்தது. மெதுவாகப் போகும் சைக்கிளை எந்த பிரேக்கும் நிறுத்தும். நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் உள்ளே போய்விட்டான். அந்த வாரமே கப்பலுக்கும் திரும்பிவிட்டான்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அவள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பயிற்சிக்குப் போவாள். நான் பின்னால் ஸ்கூட்டரில், ஒரு ஃப்ளாஸ்க்கில் பாலும் பையில் வாழைப்பழமுமாகப் போவேன். இரு பக்கமும் வாழை, நடுவில் என் மகள், அப்பாவின் பச்சைச் சைக்கிள். அவள் குனிந்து மிதிக்கும்போது பின்னாலிருந்து பார்க்க அப்பாவைப் போலவே இருக்கும். அந்தக் காலைகளில் நான் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நெல் அறுப்பு முடிந்து வயலில் உளுந்து எடுக்கும் சமயம். எங்கள் பக்கத்தில் பறித்த உளுந்தஞ்செடியைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் போக நெற்று உடைந்து உளுந்து தனியே வந்துவிடும். களத்து வேலை மிச்சம். சைக்கிள்காரர்களுக்கு அது பெரிய தொந்தரவு. செடி செயினில் சுற்றிக்கொள்ளும். மகள் தினமும் அதைத் திட்டிக்கொண்டே ஒதுங்கி ஓட்டுவாள்.

அன்று வாய்க்கால் பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் அவள் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். சரிவு முடியும் இடத்தில் ரயில்வே கேட். அது திறந்துதான் இருந்தது. அவள் பாதிச் சரிவில் இருக்கும்போது மணியடித்து, கேட் இறங்கத் தொடங்கியது. நான் கொஞ்சம் பின்னால் இருந்தேன். அவள் இரண்டு கைகளாலும் பிரேக்கைப் பிடித்ததைப் பார்த்தேன். தோள்கள் இறுகின. சைக்கிள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சத்தம்கூட இல்லை. பிரேக் பிடித்தால் வரவேண்டிய அந்தச் சர்ரென்ற ஒலி வரவில்லை. கேட்டுக் குழாய் அவள் கழுத்து உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. தண்டவாளத்தில் திருச்செந்தூர் வண்டி கூவிக்கொண்டு வருவது கேட்டது.

அவள் ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்தாள். அங்கே உளுந்தஞ்செடி பரப்பியிருந்தது. பரப்பின் முடிவில் இன்னும் பிரிக்காத ஒரு குவியல், இடுப்பளவு உயரத்துக்கு. சைக்கிள் செடிக்குள் இறங்கி, திணறி, குவியலில் போய் முட்டியது. அவள் அதன்மேல் குப்புற விழுந்தாள். தூசி எழும்பியது. வண்டி கடகடவென்று கேட்டைத் தாண்டிப் போனது.

உளுந்துக்குச் சொந்தக்காரப் பெண் கையில் உளுந்தைக் கூட்டும் வாரியலோடு ஓடிவந்தாள். "ஏட்டி! அம்புட்டு ரோடு கெடக்கு, உளுந்துக்குள்ளயா ஓட்டுவ? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டே வந்தவள், மகளைப் புரட்டிப் பார்த்ததும் வாரியலைத் தூரப் போட்டாள். "எம்மா, பச்சப்புள்ளயில்லா. ஏ தாயி, கைய ஆட்டு பாப்போம். காலு? காலு நல்லாருக்கா?"

கை கால் நன்றாக இருந்தன. முழங்கையிலும் கன்னத்திலும் சிராய்ப்பு. தலைமுடி முழுக்க உளுந்துச் சருகு. மகள் எழுந்து உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது சொன்னதை எழுதியாக வேண்டும். "பிரேக்க ஒழுங்காப் பிடிச்சியா நீ?" என்றேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த அடுத்த மூச்சில் என் வாயிலிருந்து வந்தது இதுதான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

உளுந்துக்காரப் பெண் அவளைக் கைத்தாங்கலாக நிழலுக்குக் கூட்டிப்போக, நான் சைக்கிளைத் தூக்கினேன். ரிம் பளபளத்தது. அலுமினியத்தின் மினுமினுப்பு இல்லை அது. விரலால் தொட்டேன், வழுக்கியது. பிரேக் கட்டையை இரண்டு விரலால் நசுக்கினேன். கறுப்பாக ஒரு பசை கசிந்து விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். காறிப்போன தேங்காயெண்ணெய்.

வருடா வருடம் நான் பக்தியோடு தடவிய எண்ணெய் எல்லாம் அந்த ரப்பருக்குள் போய்க் குடியிருந்தது. அதனால்தான் அது வெடிக்கவில்லை. அதனால்தான் மெத்தென்று இருந்தது. சரிவில் அழுத்திப் பிடித்ததும் சூடு ஏறி, உள்ளே இருந்ததெல்லாம் ரிம்மின்மேல் கசிந்துவிட்டது. இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போகும், வலுவிழக்கும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பட்டாசல் சுவரில் தொங்கியது ரப்பர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது அப்பாவின் பிரேக்.

அப்போதே மகளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஒரு வேனைப் பிடித்து சைக்கிளை அதில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மனைவி பதறியபோது, "உளுந்துல சறுக்கிட்டா" என்றேன். மகள் மறுக்கவில்லை.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போன பிறகு அட்டைப்பெட்டியை எடுத்தேன். பழைய பிரேக்கைக் கழற்றி, ரிம்மை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்புத் தண்ணீரிலும் கழுவி, மச்சினனின் பிரேக்கை மாட்டினேன். ஒவ்வொரு திருகையும் திரும்பத் திரும்ப இறுக்கினேன். தெருவில் நானே வேகமாக ஓட்டிப் பிடித்துப் பார்த்தேன். என் கனத்த உடம்பை அது சட்டென்று நிறுத்தியது. அங்கேயே கொஞ்ச நேரம் கால் ஊன்றி நின்றேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், பந்தயத்துக்கு நீங்களா போறீங்க?" என்று கேட்டதற்கும் ஏதோ சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். நான், "ஒனக்கு அம்புட்டு ஆசைன்னா போட்டுக்க. எனக்கென்ன" என்றேன்.

மனைவி, "இப்பவாவது மனசு வந்துச்சே" என்றாள்.

மகள் புதிய பிரேக்கை ஒருமுறை அழுத்தி விட்டாள். "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

பந்தயத்தன்று நான் அதே ரயில்வே கேட்டருகில் போய் நின்றேன். யாரும் என்னை அங்கே நிற்கச் சொல்லவில்லை. கேட் திறந்துதான் இருந்தது. பெண்கள் கும்பலாகச் சரிவில் இறங்கினார்கள். முன்னால் ஒரு மாடு குறுக்கே வர, எல்லோரும் ஒன்றாக பிரேக்கைப் பிடித்தார்கள். சர்ரென்று ஒரு சத்தம். அதில் என் மகளுடைய சத்தமும் இருந்தது. மாட்டுக்கு வெகு தூரத்திலேயே அவள் வேகம் குறைந்து, விலகி, மறுபடியும் குனிந்து மிதித்துப் போனாள். நான் கேட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் அன்று பரிசு எதுவும் வாங்கவில்லை. அதை யாரோ சொல்லித்தான் கவனித்தேன்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் வந்த சரஸ்வதி பூஜை. இடையில் வந்த பூஜைகளுக்கு அவள் மேற்படிப்புக்காக வெளியூரில் விடுதியில் இருந்தாள். இந்தத் தடவை வீட்டில் இருந்தாள். வழக்கம்போலச் சைக்கிளை இறக்கிவைத்துக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். ஃப்ரேமைத் துடைத்தேன். ஹேண்டில் பாரைத் துடைத்தேன். பழக்கத்தில் துணி முன்சக்கரத்துப் பக்கம் போனது.

"அங்கன வேண்டாம்ப்பா" என்றாள் அவள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் கை நின்றுவிட்டது.

"ஒனக்குத் தெரியுமா?"

"விழுந்து எந்திரிச்சப்ப சைக்கிள் சக்கரத்தப் பிடிச்சுத்தான எந்திரிச்சேன். கையெல்லாம் சாமி அறை எண்ணெ வாடை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் போகல."

"ஏன்ளா எங்கிட்டக் கேக்கல?"

அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க ஸ்கூட்டர அப்படியே கீழ போட்டுட்டு ஓடி வந்தீங்கள்லா. ஃப்ளாஸ்க்கு உருண்டு வாய்க்கால்ல விழுந்துச்சு. ஒரு கால்ல செருப்பு இல்ல. அதப் பாத்ததுக்கப்புறம் ஏச மனசு வரல."

எனக்கு அது ஒன்றுமே ஞாபகம் இல்லை. என் வாயிலிருந்து வந்த கேள்வி மட்டும்தான் ஞாபகம் இருந்தது. வருடக்கணக்காக அதையே என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணுப்பா" என்றாள். இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "தேங்க்ஸ் சொன்னேன்லா. அப்ப நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதையும் வாங்கிக்கிட்டீங்க. அதுக்குத்தான் ரொம்பக் கோவம்."

"தப்புதான்" என்றேன். "பழைய பிரேக்க வச்சதும் தப்பு. நீ விழுந்து கெடந்தப்ப ஒன்ன அப்படிக் கேட்டதும் தப்பு. மாத்திட்டுப் பெருமையா நின்னது எல்லாத்தவிடயும் தப்பு. என்ன மன்னிச்சிரு."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூச்சு சுலபமாக வந்தது. அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதான் சொல்லிட்டீங்கள்லா" என்று அடுத்த பூவை எடுத்தாள்.

சுண்டல் பாத்திரத்தோடு மனைவி வந்தாள். "என்ன, அப்பாவும் மகளும் சாமி முன்னால வழக்கு நடத்துதிய?"

நான் அவளிடமும் சொன்னேன். முழுவதும் சொன்னேன், கேட் உட்பட. அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கோட்டிக்கார மனுசா" என்றாள். பிறகு, "உளுந்துல சறுக்கிட்டான்னு சொல்லி, நான் அந்த உளுந்துக்காரிய எத்தன நாள் ஏசுனேன்" என்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளின் கன்னத்தைத் தடவினாள். எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கிண்ணம் அதற்குப் பிறகு சைக்கிள் பக்கம் வரவே இல்லை.

மிச்சத்தை வெறும் துணியால் துடைத்தேன். மகள் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். வழக்கமாக முதல் பொட்டு ஹேண்டில் பாரின் நடுவில்தான். அன்று குனிந்து, ரப்பரில் படாமல், மச்சினன் கொண்டுவந்த பிரேக்கின்மேல் வைத்தேன்.

"மாமா வந்தா காட்டணும்ப்பா" என்று சிரித்தாள் அவள்.

"நானே காட்டுதேன்" என்றேன்.